பஸ்ஸில் தூங்குவது தவம் அல்ல

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளி பேண்டில் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோர் நடுவில் டிரம் கோர், அதாவது கோடையில் ஊர் ஊராக டூர் போய்ப் போட்டியிடும் அணிவகுப்பு இசைக்குழு பற்றிய பேச்சு இப்போது அடிக்கடி வருகிறது. "கோடை முழுக்கத் தரையில் படுக்கட்டும், வெயிலில் நிற்கட்டும், அப்போதுதான் கஷ்டம் தெரியும், ஒழுக்கம் வரும்" என்கிறார்கள். என் மகள் மெல்லோஃபோன் என்ற பித்தளைக் குழல் வாசித்துக்கொண்டு இந்த டூர் போனவள். நானும் கூடவே சமையல் லாரியில் உதவப் போயிருக்கிறேன். அவள் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இந்தக் கஷ்டப் புராணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்கு: டிரம் கோரில் கிளாரினெட், புல்லாங்குழல் எல்லாம் கிடையாது. பித்தளைக் குழல்கள், டிரம்கள், கொடியும் மரத்துப்பாக்கியும் சுழற்றும் கலர் கார்டு, அவ்வளவுதான். பெரிய குழுவில் 150 பேருக்கு மேல் இருப்பார்கள். எல்லாரும் இளைஞர்கள், 21, 22 வயதோடு சரி. மே மாதம் பயிற்சி முகாம், ஜூன் கடைசியிலிருந்து ஊர் ஊராகப் போட்டி, ஆகஸ்டில் இண்டியானாபோலிஸ் லூக்காஸ் ஆயில் ஸ்டேடியத்தில், போட்டிகளை நடத்தும் டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல் (டிசிஐ) அமைப்பின் இறுதிச் சுற்று. இத்தனையும் சுமார் பத்துப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி ஒன்றுக்காக.

அந்த நிமிடங்களுக்குள் இருக்கும் வேலையைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். வாசித்துக்கொண்டே நடக்கும்போது ஐந்து கஜத்துக்கு எட்டு காலடி என்பது அடிப்படைக் கணக்கு, அதாவது ஒரு காலடி 22.5 அங்குலம். நிகழ்ச்சியில் ஒவ்வொரு கட்டத்திலும் யார் எந்தக் கோட்டிலிருந்து எத்தனை காலடி தள்ளி நிற்க வேண்டும் என்பதை அவரவர் டாட் புக் என்ற குறிப்பேட்டில் குறித்து வைத்திருப்பார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது காது விஷயம். வாசிக்கும் அமெரிக்கக் கால்பந்து மைதானம் 100 கஜ நீளம். ஒலி போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் ஒரே நொடியில் வாசித்தாலும் பார்வையாளருக்கு ஒன்றாகக் கேட்காது. அதனால் பின்னாலிருந்து வரும் டிரம் சத்தம் தன்னை எட்டும்போது அதோடு சேர்ந்து வாசிக்கப் பழக வேண்டும். சில இடங்களில் அதற்கு நேர்மாறாக, காதை நம்பாமல், முன்னால் நின்று தாளம் காட்டும் டிரம் மேஜரின் கையைப் பார்க்க வேண்டும். எங்கே காது, எங்கே கண் என்பதை உடம்பே தெரிந்துகொள்ளும் வரை திரும்பத் திரும்ப அதே எட்டு மாத்திரையை வாசிக்கிறார்கள். பத்தொன்பது வயதில் இப்படி ஒரு கவனம் கைவருவது சாதாரணமில்லை.

சரி, இந்தப் பிள்ளைகள் எப்போது தூங்குகிறார்கள்? போட்டி முடிந்து லாரியில் சாமான் ஏற்றும்போது நள்ளிரவு நெருங்கிவிடும். பிறகு பஸ். விடியற்காலையில் வேறு ஏதோ ஊரில், ஏதோ ஒரு பள்ளியின் ஜிம் தரையில் காற்று மெத்தையை விரித்து மிச்சத் தூக்கம். காலைச் சாப்பாடு முடிந்ததும் மறுபடி வெயில். இதைத்தான் தவம் என்கிறார்கள். இது வெறும் கணக்கு. குழுவும் பயிற்சியாளர்களும் உதவியாளர்களுமாக 200 பேரை ஹோட்டலில் தங்கவைக்கப் பணம் கிடையாது. இரவில் ஓடினால் பகல் பயிற்சிக்கு மிஞ்சும். பணமில்லாததால் வந்த ஏற்பாட்டுக்குக் குணநலன் என்று பெயர் வைத்துவிட்டோம். நுட்பமான ஒன்றைக் கற்கும் மூளைக்குத் தூக்கம் வேண்டும் என்பது இசை ஆசிரியர்களுக்குத் தெரியாதா என்ன?

சமையல் லாரியில் யாரும் தவம் பேசுவதில்லை. ஒரு நீள டிரெய்லருக்குள்ளேயே அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம். நாளைக்கு நான்கு வேளை, நான்காவது போட்டி முடிந்த பிறகு. கல்யாண மண்டபச் சமையல்கட்டு தினமும் ஊர் மாறினால் எப்படி இருக்குமோ அப்படி. வெங்காயம் நறுக்குபவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத பெற்றோர். யாருக்கு வேர்க்கடலை ஆகாது, யார் நேற்று சரியாகச் சாப்பிடவில்லை என்பது வரை கவனிப்பார்கள். சாப்பாட்டில் காட்டும் இந்த அக்கறையைத் தூக்கத்திலும் காட்டலாமே.

பணம் என்றதும் இன்னொன்று. பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது, அவர்கள்தான் ஆயிரக்கணக்கில் டாலர் கட்டுகிறார்கள். கோடை வேலைக்குப் போகவும் முடியாது. கேடட்ஸ் என்ற பழைய குழு 1934-இல் நியூ ஜெர்சி கார்ஃபீல்டில் ஒரு தேவாலயத்தை ஒட்டித் தொடங்கியது. அப்படித் தேவாலயங்களும் முன்னாள் படைவீரர் சங்கங்களும் தெருப் பிள்ளைகளை வைத்து நடத்தியவைதான் அந்தக் காலக் குழுக்கள். இன்று அந்தத் தெருப் பிள்ளைக்கு இதில் இடமில்லை. குழுக்களுக்கும் செலவு தாங்கவில்லை. சாண்டா கிளாரா வான்கார்ட் போன்ற சாம்பியனே பண நெருக்கடியால் 2023-இல் களமிறங்கவில்லை.

கேடட்ஸ் 2024-இல் மூடப்பட்டதற்குக் காரணம் வேறு. பழைய பாலியல் வன்கொடுமைப் புகார் தொடர்பான வழக்கு அது. அதற்கு முன்பே, 2018-இல், அதன் இயக்குநர் மீது பல பெண்கள் புகார் சொல்ல, அவர் விலகினார். தூக்கமின்மையும் இதுவும் ஒன்றல்ல, தெரியும். ஆனாலும் "முணுமுணுக்காமல் தாங்கு" என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் ஒரு பிள்ளை எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று எப்படிப் பிரித்தறியும்?

டூரைச் சுருக்கினால் தரம் போய்விடும் என்பார்கள். கொரோனாவால் 2020 பருவம் ரத்தானது. 2021-இல் குறுகிய பருவம், இண்டியானாபோலிஸில் மதிப்பெண் இல்லாமல் வாசித்தார்கள். வழக்கமான நுணுக்கம் இல்லைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் முழு டூருக்கும் அதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. ஒரே ஊரில் இரண்டு மூன்று இரவு தங்கி, பக்கத்துப் போட்டிகளுக்குப் போய்வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பிள்ளையை அனுப்பலாமா என்று உள்பெட்டியில் கேட்கிற பெற்றோருக்கு: அனுப்புங்கள். பணம் கட்டுமுன் குழுவிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எத்தனை இரவு பஸ்ஸில் கழியும்? காயம் பட்டால் பார்க்கக் கூடவே பயணம் செய்யும் ஆள் யார்? பயிற்சியாளர் மீதே புகார் என்றால் பிள்ளை யாரிடம் போக வேண்டும்? மூன்றாவதற்குப் பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த குழுவைப் பாருங்கள். அப்புறம், காற்று மெத்தை இரண்டாக வாங்கி அனுப்புங்கள், ஒன்று நிச்சயம் ஓட்டையாகும்.