பினாங்குக்குத் திரும்பிய பிறகு

வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தால் சொந்த ஊர் சின்னதாகத் தெரியும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நேர்மாறாக நடந்தது. மெல்பர்னில் 9 வருடம் இருந்துவிட்டுப் போன வருடம் மலேசியாவில் என் ஊரான பினாங்குத் தீவுக்கே வந்துவிட்டேன். சம்பளம் குறைவுதான், தீவுக்கு வரும் பாலத்தில் நெரிசலும் அப்படியேதான் இருக்கிறது. சரி, இருக்கட்டும்.

வந்த மறுநாள் காலை, நம் கடைகள் நிறைந்த லெபோ பசார் தெருவுக்குப் போனேன். தே தாரேக், அதாவது நம் பால் தேநீர், ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன் குவளையை இறக்காமலே, "என்ன தம்பி, ரொம்ப நாளா காணோம், பசியாறிட்டியா?" என்றார். அந்த 9 வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தொண்டை அடைத்துவிட்டது.

பிட் ஸ்திரீட் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833-இல் எழுந்த நம் மகாமாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் வந்துவிடும். சின்ன வயதில் டியூஷனுக்கு ஓடும்போது நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது நின்று பார்க்கிறேன்.

அப்புறம் தைப்பூசம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் படி ஏறினேன். வழியெல்லாம் உடைத்த தேங்காய். உடைத்தவர்களில் பாதிப்பேர் சீனர்கள். அம்மா மூட்டுவலியோடு மூன்று இடத்தில் உட்கார்ந்தார்கள், மூன்று இடத்திலும் யாரோ ஒருவர் தண்ணீர் நீட்டினார்.