லட்சம் பேர் பதிலளித்தால் கருத்துக்கணிப்பு உண்மையாகிவிடுமா?

"கோடிக்கணக்கானோர் வாழும் நாட்டில் ஆயிரம் பேரிடம் மட்டும் கேட்டு எடுக்கும் கணிப்பு பொய்; லட்சம் பேர் பங்கேற்கும் இணைய வாக்கெடுப்பே மக்களின் உண்மையான மனநிலை" என்று பரவிவரும் கூற்று தவறானது. எத்தனை பேர் பதிலளித்தார்கள் என்பதைவிட, அவர்கள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதே முக்கியம்.

1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன், 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஏறத்தாழ 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆல்ஃப் லேண்டனே வெல்வார் என்று அறிவித்தது. ஆனால் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட அப்போதைய அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குகளுடன் 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசி, கார் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய அக்காலத்தில் அவை ஏழை வாக்காளர்களைப் பெருமளவு விட்டுவிட்டன. அதைவிடப் பெரிய குறை, என் பார்வையில், சீட்டைப் பெற்றவர்களில் கால்வாசிப் பேரே பதிலளித்ததும், அவர்களில் ரூஸ்வெல்ட்டின் எதிர்ப்பாளர்கள் மிகுந்திருந்ததும்தான். அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப், அதைவிட மிகச் சிறிய மாதிரியை (கேள்வி கேட்கத் தேர்ந்தெடுத்த குழுவை) கொண்டே ரூஸ்வெல்ட்டின் வெற்றியைச் சரியாகக் கணித்தார். இன்றைய இணைய வாக்கெடுப்புகளிலும் விரும்பியவர்களே பங்கேற்பதால், அதே கோளாறு அவற்றிலும் உள்ளது.

குலுக்கல் போலச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 1,000 பேரின் பதில்களில், மாதிரியால் நேரும் பிழை பொதுவாகக் கூட்டவோ குறைக்கவோ 3 சதவீதப் புள்ளிகளுக்குள் அடங்கும். நாட்டின் மக்கள்தொகை எவ்வளவு பெரிதானாலும் அது அநேகமாக மாறாது. எனினும், ஒருபக்கச் சாய்வுள்ள கேள்வியாலும், பதில் சொல்ல மறுப்பவர்களாலும் நேரும் பிழைகள் அந்த 3 சதவீதத்தில் சேராதவை. அவை எத்தனை லட்சம் பேரைச் சேர்த்தாலும் நீங்குவதில்லை.