அந்த டம்ளர்

பெரியம்மா வீட்டுக் கொல்லையில், தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஒரு எவர்சில்வர் டம்ளர் எப்போதும் கவிழ்ந்திருக்கும். பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கு அதில்தான் காபி. குடித்து முடித்ததும் அவரே கழுவி அங்கேயே கவிழ்த்துவிடுவார். பெரியம்மா கெட்டவர் இல்லை. அக்கா மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டியதே அவர்தான். டம்ளரைப் பற்றிக் கேட்டால் மட்டும், "ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பழக்கம்டா, நீ உன் வேலையப் பாரு" என்பார்.

இதையே பெரிய ஆட்களும் சொல்லியிருக்கிறார்கள். மனைவியே ஆனாலும் 12 வயது நிரம்பாத சிறுமியுடன் உறவு கொள்வது குற்றம் என்று 1891ல் வெள்ளைக்கார அரசு சட்டம் கொண்டுவந்தது. அதுவரை வரம்பு 10 வயது! கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி, தன்னைவிடப் பல வயது மூத்த கணவனால் இறந்துபோன வழக்குதான் அந்தச் சட்டத்தை வேகப்படுத்தியது. திலகர் எதிர்த்தார். அந்நிய அரசு நம் வழக்கங்களில் கைவைக்கக் கூடாது என்றார். அந்நிய அரசு வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் பூல்மணி இருந்தாளா?

எல்லாருக்கும் பொதுவாகச் சில நியாயங்கள் இருந்தே ஆக வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். சிலவே போதும். யார் என்ன சாப்பிடுகிறார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள், துக்கத்துக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் அவரவர் பாடு. ஒருவரின் உடம்புக்கோ மானத்துக்கோ கேடு வரும்போது மட்டும் 'எங்கள் பழக்கம்' என்ற பேச்சு எடுபடக் கூடாது. பழக்கத்தால் சௌகரியம் அடைகிறவரைக் கேட்டு என்ன பயன்? அடிபடுகிறவரைக் கேட்க வேண்டும்.

சரி, அந்தப் பொது நியாயத்தை யார் எழுதுவது? இங்கேதான் எனக்கும் பயம். ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377வது பிரிவை 1860ல் நம் தலையில் கட்டியவர்களும் அதை ஒழுக்கம் என்றுதான் நினைத்தார்கள். வயதுவந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2018 ஆகிவிட்டது.

1948 டிசம்பர் 10ல் பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஆதரவு 48, எதிர்ப்பு இல்லை, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒதுங்கியதில் ஒன்று தென்னாப்பிரிக்கா. நிறவெறியை அரசின் கொள்கையாக்கும் கட்சி அங்கே ஆட்சிக்கு வந்ததும் அதே ஆண்டுதான். அதைவிட எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். முதல் பிரிவின் வரைவில், 'எல்லா ஆண்களும்' என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. நம் நாட்டின் பிரதிநிதியாகப் போன ஹன்சா மேத்தா விடாமல் வாதாடி அதை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்ற வைத்தார். அந்த மேசையில் அவர் உட்கார்ந்திருக்காவிட்டால் யார் கண்ணிலாவது பட்டிருக்குமா, தெரியாது.

ரொம்பப் பேசிவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, தாகத்தில் தொட்டியில் தண்ணீர் மொள்ள அந்த டம்ளரை எடுத்தேன். அடுப்படியிலிருந்து பார்த்துவிட்ட பெரியம்மா, "டேய், அது வேண்டாம், உள்ள வா, வேற தர்றேன்" என்றார். அக்கா பக்கத்திலேயே பொங்கல் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

டம்ளரைப் பழையபடி கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனேன்.