‘சேம்’ தமிழிலிருந்து போன சொல் அல்ல

ஆங்கில ‘சேம்’ (same) நம் ‘சமம்’ என்பதிலிருந்து போனது, ‘குவைட்’ (quite) என்றால் எப்போதும் ‘ஓரளவு’தான் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். கொழும்பில் ஓ/எல் (சாதாரண தர) பரீட்சை எழுதும் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள், அதனால் திருத்த வேண்டியிருக்கிறது.

ஒலி, பொருள் ஒற்றுமை உண்மை. திசைதான் பிழை. ‘சமம்’ தமிழுக்கே வடமொழியிலிருந்து வந்தது. ‘சேம்’ 1200 அளவில் ஸ்காண்டிநேவியரின் பழைய நோர்ஸ் மொழி வழியாக ஆங்கிலத்தில் புகுந்தது. வடமொழியும் நோர்ஸும் இந்தோ-ஐரோப்பியம் என்ற ஒரே மொழிக் குடும்பம் என்பதால் இந்த இரண்டு சொற்களும் உடன்பிறப்புகள், தாயும் பிள்ளையும் அல்ல. இலத்தீன் வழி வந்த ‘சிமிலர்’ (similar) சொல்லுக்கும் அதே வேர்தான். தமிழின் தொன்மைக்கு இப்படிப்பட்ட சான்று தேவையே இல்லை.

‘குவைட்’ முதலில் ‘முற்றாக’ என்ற பொருளில்தான் வழங்கியது. ‘ஓரளவு’ பின்னால் சேர்ந்தது. இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. பிரித்தறிய, அடுத்து வரும் சொல்லுக்கு முன் ‘வெரி’ போட்டுப் பாருங்கள். ‘வெரி குட்’ பொருந்தும், எனவே நம் பாடசாலைகளின் பிரித்தானிய வழக்கில் ‘குவைட் குட்’ என்றால் பரவாயில்லை, நல்லதுதான். ‘வெரி இம்பொசிபிள்’ பொருந்தாது, எனவே ‘குவைட் இம்பொசிபிள்’ என்றால் அறவே முடியாது. அமெரிக்கர் ‘குவைட் குட்’ என்றால் பெரும்பாலும் உண்மையான பாராட்டு. மின்னஞ்சலில் இந்த வேறுபாடு தெரியாமல் மனத்தாங்கலே வரலாம்.