மாடியில் நிற்கும் கம்பிகள்

எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வந்தால் ஆறு தூண்களின் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்பதைக் காணலாம். பத்து வருஷத்துக்கும் மேலாக நிற்கின்றன. என் மனைவி அவற்றில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள். புதிதாக வருகிறவர்கள் யாராவது "மாடி எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிடுவாள்: "இவருக்கு ஆண்டவர் சொன்னாரு. அப்புறம் பாதியில நிறுத்திட்டாரு."

சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். ஆனால் தேவ சத்தத்தைக் கேட்பது பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சத்தில் பாதி அந்தக் கம்பிகளிடம் படித்ததுதான்.

2013 டிசம்பர் 31, பின்னிரவு ஆராதனை. பன்னிரண்டு மணி தாண்டி, ஹேப்பி நியூ இயர், கைகுலுக்கல் எல்லாம் முடிந்து, தாம்பாளத்தில் ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகள் வந்தன. நான் எடுத்தது ஏசாயா 54:2. "உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு." அந்த வருஷம் முழுக்க மாடி எடுப்பது பற்றித்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் அட்டையைக் காட்டினேன். "இப்பக் கடன் வேண்டாம், பிள்ளைய இப்பத்தான் ஸ்கூல்ல சேத்திருக்கோம், கடையும் டல்லா இருக்கு" என்றாள். நான் அதே வசனத்தில் கொஞ்சம் தள்ளி வரும் வார்த்தையை வாசித்துக் காட்டினேன்: "தடைசெய்யாதே."

"அது என்னையா சொல்லுது?" என்று கேட்டாள். ஆமாம் என்றுதான் நினைத்தேன்.

8 லட்சம் கடன். தூண்கள் எழும்பின. அந்த வருஷமே கடை வியாபாரம் படுத்தது. தவணை கட்டவே மூச்சு முட்டியது. கொத்தனார் இரண்டு மாதம் வந்து பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம்தான் 54ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. "பிள்ளைபெறாத மலடியே, மகிழ்ந்துபாடு" என்று தொடங்குகிறது அது. பாழாய்க் கிடந்த எருசலேமுக்கு, அதன் ஜனம் சிறைப்பட்டுப்போன காலத்தில் சொன்ன ஆறுதல். பாளையங்கோட்டையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவனின் வாடகை போர்ஷனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இதே வசனத்தை வைத்துத்தான் ஆங்கிலேய மிஷனெரி வில்லியம் கேரி 1792இல் நாட்டிங்காமில் பிரசங்கம் செய்தார். செருப்புத் தைத்துப் பிழைத்தவர். மறு வருஷமே குடும்பத்தோடு வங்காளத்துக்குக் கப்பல் ஏறினார். ஏழு வருஷம் பாடுபட்ட பிறகுதான், 1800 டிசம்பரில், கிருஷ்ண பால் என்ற முதல் ஆள் ஞானஸ்நானம் எடுத்தார். நியாயமாகப் பார்த்தால் கேரிக்கும் அந்த வசனம் நேரடியாக எழுதப்பட்டதல்ல. ஆனால் அவர் கூடாரத்தை விரித்தது மற்றவர்கள் உள்ளே வருவதற்கு. நான் விரித்தது மாதம் ஐயாயிரம் வாடகை வருவதற்கு. ஒரே வசனம்தான், கேட்ட காதுதான் வேறு.

தமிழில் 'கேள்' என்ற சொல் மூன்று வேலை பார்க்கிறது. காதால் கேட்பது ஒன்று. வேண்டுமென்று கேட்பது ஒன்று. சொன்ன பேச்சைக் கேட்பது ஒன்று. "பையன் சொன்னா கேக்க மாட்டேங்கிறான்" என்று ஒரு தாய் புலம்பினால், காது டாக்டரிடம் காட்டுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. எபிரெய மொழியின் 'ஷெமா'வும் கிட்டத்தட்ட இப்படித்தான். "இஸ்ரவேலே, கேள்" என்றால் காதைத் தீட்டிக்கொள் என்பதோடு முடிந்துபோவதில்லை. சொன்னபடி நட என்பதும் அதற்குள் இருக்கிறது. நம் ஜெபத்திலோ முக்கால் பங்கு இரண்டாவது கேட்டல். மிச்சம் கால் பங்கில் முதல் கேட்டலுக்கு ஏங்குகிறோம், கர்த்தர் என்னோடு பேசவில்லையே என்று. மூன்றாவது கேட்டலுக்கு வரும்போது நேரம் முடிந்து காப்பி குடிக்கப் போய்விடுகிறோம்.

ஆலயத்தில் வளர்ந்த சிறுவன் சாமுவேலைக் கர்த்தர் ராத்திரியில் கூப்பிட்ட கதையை ஞாயிறு பள்ளியில் ஃபிளானல் போர்டில் படம் ஒட்டிக் கேட்டவர்கள் நாம். "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்ற இடத்தில் டீச்சர் கதையை முடித்துவிடுவார், நாமும் மிட்டாய் வாங்கிக்கொண்டு போய்விடுவோம். ஆனால் அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. அந்தப் பையனுக்கு வந்த முதல் செய்தி என்ன? தன்னை வளர்த்த கிழவர், ஆசாரியன் ஏலியின் வீடு நியாயந்தீர்க்கப்படும் என்பது. "நீ பெரிய ஆளாவாய்", "உன் எல்லை விரிவாகும்" எதுவும் இல்லை. விடியுமட்டும் படுத்திருந்தான், பிறகு எழுந்து ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான் என்கிறது வேதம். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. தேவ சத்தத்தைக் கேட்ட பையன் காலையில் முதல் காரியமாகச் செய்தது, தினமும் செய்கிற வேலையை. ஏலியிடம் சொல்லப் பயந்தான். அவர் வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று தரம் கர்த்தர் கூப்பிட்டும் அவனுக்கு அது ஏலியின் குரலாகவே கேட்டது. இடிமுழக்கமாக இருந்திருந்தால் அந்தக் குழப்பம் வந்திருக்காது. பழகிய குரல்போலவே இருந்திருக்கிறது. "அது கர்த்தர்தான், போய்ப் படுத்துக்கொள், இப்படிச் சொல்" என்று வழிகாட்டியது யார்? கண் மங்கிப்போன, பிள்ளைகளை அடக்கத் தெரியாத, தோற்றுப்போன ஏலி. தனக்கு எதிராக வரப்போகிற செய்தியைக் கேட்க அந்தப் பையனுக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். நம் சபைகளில் "இவருக்கு அபிஷேகம் போய்விட்டது" என்று ஓரங்கட்டப்படும் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏலிதான் ஞாபகம் வருகிறார்.

எரேமியா 32ஐயும் பாருங்கள். உன் பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்வான் என்று கர்த்தருடைய வார்த்தை உண்டாகிறது. அனாமெயேல் அப்படியே வந்து நிற்கிறான். எரேமியா எழுதுகிறார்: அப்பொழுது அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன். அப்பொழுதுதான்! வாழ்நாளெல்லாம் தீர்க்கதரிசனம் சொன்ன மனிதருக்கே ஆள் வந்து நின்ற பிறகுதான் உறுதியாகிறது. நம்மூரில் தொலைக்காட்சியில் பேசுகிற சகோதரருக்கு ஃபோன் எடுத்த அடுத்த விநாடியே உறுதியாகிவிடுகிறது. எரேமியா வாங்கியதும் லாபமான நிலமில்லை. எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றுகை போட்டிருந்த நேரம். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். என் 8 லட்சத்தை அந்த 17 சேக்கலோடு ஒப்பிட்டுப் பார்த்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

"கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்ற வாக்கியம் நம் நடுவில் எப்படிப் புழங்குகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வாக்கியத்துக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. அதுதான் அதன் வசதி. எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணைக் கேட்டு வந்த அம்மா, "மூணு நாள் உபவாசம் இருந்தேன், உங்க பொண்ணைத்தான் காட்டினாரு" என்றார். பெண்ணின் பெற்றோருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண்ணே உள்ளேயிருந்து வந்து, "எனக்கும் அவர்தான ஆன்ட்டி அப்பா, என்கிட்ட ஒண்ணும் சொல்லலியே" என்றாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. துடுக்குத்தனம் என்று அன்றைக்குச் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கென்னவோ அன்று அந்தக் கூடத்தில் வேதத்தின்படி பேசியது அவள் ஒருத்திதான் என்று தோன்றியது.

ஏனென்றால் "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்று எழுதிய கையோடுதான் பவுல் "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றும் எழுதினார். எங்களைப்போன்ற பழைய சபைக்காரர்கள் முதல் பாதியை மறந்துவிட்டோம். அடுத்த தெரு சபைக்காரர்கள் இரண்டாம் பாதியை மறந்துவிட்டார்கள். பவுலே எப்படி நடந்துகொண்டார்? ஆசியாவுக்குப் போகப் பார்த்தார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அங்கும் தடை. துரோவாவில் ராத்திரியில் மக்கெதோனியா மனிதனைத் தரிசனத்தில் கண்டார். தரிசனம் கண்டது அவர் ஒருவர்தான். ஆனால் அப்போஸ்தலர் 16:10இல் "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்று பன்மையில் வருகிறது. கூட இருந்தவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். "எனக்குச் சொல்லிட்டார், நீ தடைசெய்யாதே" என்று பவுல் கூடப் போன சீலாவின் வாயை அடைக்கவில்லை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு விஷயத்துக்காகத் திரும்பச் சொல்கிறேன். ராணிப்பேட்டையில் மிஷனெரி டாக்டர் குடும்பத்தில் பிறந்தவர். மிஷனெரி ஆக மாட்டேன் என்று தீர்மானமாக இருந்தவர். உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள 1890இல் திண்டிவனத்துக்கு வந்திருந்தார். ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவிமாரும் பிரசவ வேதனையில். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், ஒருவர் வேறு சாதி இந்து. அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று மூவருமே திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

இதை நாம் "தேவ அழைப்பு" என்று பிரசங்கத்தில் சொல்கிறோம். சரிதான். ஆனால் தேவன் பேசியது யார் வாயால்? கதவைத் தட்டிய மூவரில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. அவர்கள் வசனம் சொல்லவில்லை, வெளிப்பாடு சொல்லவில்லை. "என் மனைவி செத்துக்கொண்டிருக்கிறாள், வா" என்றார்கள். அந்த ராத்திரிக்கும் ஐடா டாக்டராகத் திரும்பி வந்ததற்கும் நடுவில் பத்து வருஷம். அமெரிக்காவுக்குப் போய், மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் வாங்கி, 1900இல் வந்து ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். கேட்டது ஒரு ராத்திரி, கேட்டபடி நடக்கப் பத்து வருஷம். நமக்கு அந்த ஒரு ராத்திரி வேண்டும். பத்து வருஷத்து உடற்கூறியல் பாடம் வேண்டாம்.

எங்கள் ஆச்சி அதிகம் படித்தவள் இல்லை. விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தபடி ஜெபம் பண்ணுவாள். அவள் சொல்வாள்: "ஏலே, ஆண்டவரு சொன்னாருன்னா மூணு நாள் கழிச்சும் அதையேதான் சொல்லுவாரு. நம்ம ஆசைதான் அவசரப்படும். பொறுத்துப் பாரு." மாடி விஷயத்தில் நான் மூன்று மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை.

போன வருஷம் மகள் பன்னிரண்டாவது முடித்தாள். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று வீட்டில் ஒரே பேச்சு. பழைய புத்தி போகவில்லை. நான் காலையில் எழுந்து, ஆண்டவரே வழி காட்டும் என்று உட்கார்ந்தேன். கல்லூரி பற்றி ஒன்றும் வரவில்லை. அண்ணன் பெயர் வந்தது.

அண்ணனும் நானும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. ஊரில் பொதுக் கிணற்றுப் பங்கு பற்றிய தகராறு. யார் மேல் தப்பு என்று இங்கே எழுதினால் நான் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். காணிக்கையைப் பலிபீடத்தில் வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்கிற மத்தேயு 5ஐ நான் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் பாடமாகவே எடுத்திருக்கிறேன். புதிதாக ஒரு வெளிப்பாடும் தேவையில்லை. அதனால் அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு, ஆண்டவரே, கல்லூரி விஷயம், என்று மறுபடி தொடங்கினேன். மறுநாளும் அண்ணன்தான். மூன்றாம் நாள் பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். வழியில் இரண்டு தரம் நிறுத்தினேன். ஒரு தரம் பெட்ரோலுக்கு, ஒரு தரம் திரும்பிவிடலாமா என்று.

அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "வா" என்றார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. மதினி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கிணற்றைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அது இன்னும் தீரவில்லை. அழுகை, கட்டிப்பிடித்தல் எதுவும் நடக்கவில்லை. மகள் மார்க் என்ன என்று கேட்டார், சொன்னேன். (கல்லூரி விஷயத்தில் கடைசிவரை எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவளே கட்-ஆஃப் பார்த்து, அவளே விண்ணப்பம் போட்டு, சேர்ந்தும் விட்டாள்.)

கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"மாடியில கம்பி அப்படியே நிக்கிதாமே?"

"ஆமாண்ணே."

"துரு உள்ள இறங்கிச்சுன்னா தூணே போயிரும்லே. சிமெண்ட் பால் அடிச்சு வை."

மறுநாளே அடித்துவிட்டேன்.