லேமுவேலின் அம்மா மகனிடம் சொன்னது

பைபிளில் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பதிவைப் பாதி வாசித்துவிட்டு "அக்கா நீங்க வழிமாறிப் போறீங்க, உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று இன்பாக்ஸில் வருகிற தம்பிமார் சிலர் உண்டு. நான் திருநெல்வேலிப் பக்கத்து சிஎஸ்ஐ சபையில் பிறந்து, அதே பக்கத்தில் வாக்கப்பட்டு, ஒரு மகனையும் ஒரு மகளையும் வளர்த்துக்கொண்டிருக்கிறவள். பள்ளிக்கூட வேலைக்கும் போகிறேன். வேதத்தின்படி மனைவியாகவும் தாயாகவும் வாழ வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வேதத்தின்படி என்று சொல்லி எங்கள் தலையில் ஏற்றுகிறதில் பாதி வேதத்தில் இல்லை என்பதுதான் என் வழக்கு.

பெண்கள் ஞாயிறு வந்தால் பிரசங்கம் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். "குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்?" என்று பத்தாம் வசனத்தில் தொடங்கும். அங்கிருந்து ஒரே தாவலில் பதினைந்தாம் வசனம்: "இருட்டோடே எழுந்து தன் வீட்டாருக்கு ஆகாரங்கொடுத்து..." அவ்வளவுதான், அடுத்த இருபது நிமிஷமும் அடுப்படியிலேயே போகும். இந்தக் காலத்துப் பெண்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், இட்லி மாவுப் பாக்கெட் வாங்குகிறார்கள், செல்போன் பார்க்கிறார்கள். ஆண்கள் பக்கம் சிரிப்பு கேட்கும். பெண்கள் பக்கத்திலும் கேட்கும், அது வேறு விஷயம்.

அந்த வசனத்தின் பின்பாதியை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. "தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள்" என்று இருக்கிறது. அந்த அம்மாவுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள் ஐயா. அதற்கு அடுத்தது பதினாறாம் வசனம்: "ஒரு வயலை விசாரித்து அதை வாங்குகிறாள், தன் கைகளின் சம்பாத்தியத்தினால் திராட்சத்தோட்டத்தை நாட்டுகிறாள்." விசாரிக்கிறாள், வாங்குகிறாள், தன் சம்பாத்தியத்தில் நடுகிறாள். புருஷனிடம் கேட்டுவிட்டு வாங்கினாளா என்று வேதம் சொல்லவில்லை. கேட்டிருப்பாள் என்றுதான் நானும் நினைக்கிறேன், குடும்பம் என்றால் அப்படித்தானே. ஆனால் விசாரித்தது அவள். பதினெட்டாம் வசனத்தில் தன் வியாபாரம் பிரயோஜனமுள்ளது என்று அறிந்திருக்கிறாள். இருபத்துநான்கில் புடவை நெய்து விற்கிறாள், கச்சைகளை வர்த்தகரிடம் ஒப்புவிக்கிறாள். இருபத்தாறில் வாயைத் திறக்கிறாள், ஞானம் விளங்கத் திறக்கிறாள். வாயைத் திறக்காத மருமகளே நல்ல மருமகள் என்று சொல்லுகிற ஊரில் இருந்துகொண்டு இந்த வசனத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருட்டோடே எழுகிறாள், இராத்திரி விளக்கு அணையவில்லை. அப்போ எப்போதுதான் தூங்கினாள்? இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. 10 முதல் 31 வரை உள்ள 22 வசனங்களும் எபிரெயு அரிச்சுவடியின் 22 எழுத்துகளில் வரிசையாகத் தொடங்குகிற பாட்டு, நம்முடைய ஆத்திசூடி போல. ஒரு பெண்ணின் ஆயுசு முழுவதையும் எழுத்து எழுத்தாகச் சொல்லிப் புகழ்கிற பாட்டை எடுத்து, திங்கட்கிழமை காலை நாலரை மணிக்கான டைம்டேபிள் ஆக்கிவிட்டோம்.

எங்கள் பகுதியில் சபை வளர்ந்த கதையில் இந்த அதிகாரம் கண்முன்னே நடந்திருக்கிறது. 1778ல் பாளையங்கோட்டையில் சுவார்ட்ஸ் ஐயர் என்ற மிஷனரியிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மாள் ஒரு விதவை. அங்கே 1785ல் எழும்பிய ஆலயம் அவர் முயற்சியால் வந்தது. தெற்கே நாகர்கோவிலில் 1819ல் வந்து சேர்ந்த மால்ட் மிஷனரியின் மனைவி மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமைத்தனம் சட்டப்படியே இருந்தது. லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தன் விடுதலையைத் தானே வாங்கிக்கொண்ட பெண்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். இருபத்துநான்காம் வசனத்துக்கு இதைவிட நல்ல வியாக்கியானம் எனக்குத் தெரியாது. அந்தப் பெண்களின் பேத்திகளுக்கும் பேத்திகளின் பேத்திகளுக்கும் நாம் என்ன பிரசங்கம் பண்ணுகிறோம்? வேலைக்குப் போனால் வீடு கெட்டுவிடும்!

இந்தப் பிரசங்கம் இப்போது ரீல்ஸிலும் வருகிறது. சபையில் கல்லூரிக்குப் போகிற ஒரு பிள்ளை எனக்கு அனுப்பியிருந்தாள். அமெரிக்க அம்மா ஒருவர், பூப்போட்ட கவுன், பெரிய வெள்ளைச் சமையலறை, புளிக்கவைத்த ரொட்டி மாவு, பின்னணியில் மெல்லிய கீதம். இதுதான் வேதம் சொல்லும் பெண்மை என்று தலைப்பு. அந்தப் பிள்ளை ஏங்கிப்போய்க் கேட்டிருந்தாள், "ஆன்ட்டி, இப்படி இருக்கத்தான் தேவன் நம்மைக் கூப்பிட்டாரா?" அவர்கள் நாட்டில் இந்த வாதத்துக்குத் தனி வரலாறு இருக்கிறது. 1987ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டான்வர்ஸ் என்ற ஊரில் சில சபைத் தலைவர்கள் கூடி, வீட்டிலும் சபையிலும் தலைமை ஆணுக்கே என்று ஓர் அறிக்கை தயாரித்தார்கள். அங்கே பெண்ணியத்துக்குப் பதில் சொல்ல எழுந்த இயக்கம் அது. அறிக்கை முழுவதும் எனக்கு ஒப்பவில்லை, ஆனால் குடும்பத்துக்குள் நடக்கிற வன்முறை பெருகுவதை அதுவே கவலையோடு சொல்லுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அங்கிருந்து ரீல்ஸுக்கு வந்து சேரும்போது அந்தக் கவலை காணாமல் போய், பூப்போட்ட கவுன் மட்டும் மிஞ்சிவிட்டது.

எங்கள் ஆச்சி பனங்காட்டில் பதநீர் காய்ச்சினவள். தாத்தா மரம் ஏறி இறக்குவார், ஆச்சி விறகு பொறுக்கி, அடுப்பு மூட்டி, பதம் பார்த்துக் கருப்பட்டி ஊற்றுவாள். இடுப்பில் ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒரு பிள்ளை. பக்கத்து ஊர்களில் பீடி சுற்றிய பெண்கள், நாற்று நட்ட பெண்கள், எல்லாருக்கும் இதே கதைதான். வீட்டில் இருக்கும் மனைவி, வெளியே போய்ச் சம்பாதிக்கும் புருஷன் என்ற ஏற்பாடே அவர்களுக்குக் கட்டுப்படி ஆகாத சமாச்சாரம். சாயங்காலம் மணி அடித்தால் சேலையை மாற்றிக்கொண்டு ஆச்சி கோவிலுக்குப் போவாள். அவளை வேதத்துக்கு விரோதமான பெண் என்று சொல்லுகிற எந்தப் போதகமும் எனக்கு வேண்டாம். மனைவி வீட்டிலேயே இருப்பது ஒரு நாட்டின் வசதியுள்ள வீடுகளில் இருந்த பழக்கம். பழக்கம் நல்லதாகவும் இருக்கலாம். வேதம் ஆகிவிடாது.

"வீட்டில் தரித்திருக்கிறவர்களும்" என்று தீத்து 2:5 இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதை நான் தாண்டிப் போகவில்லை. பள்ளி முடிந்து டியூஷன் எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டும் நான் எடுக்காததற்கு அந்த வசனம்தான் காரணம். என் வேலை என் வீட்டைத் தின்றுவிடக் கூடாது என்று அதை வாசிக்கிறேன். தீத்துவுக்கு அதை எழுதின அதே பவுல் ஆக்கில்லாவோடும் பிரிஸ்கில்லாளோடும் தங்கிக் கூடாரம் பண்ணினார். புருஷனும் பெண்சாதியும் ஒரே தொழில், அப்பொல்லோ என்ற பிரசங்கியை அழைத்து உட்காரவைத்து உபதேசித்ததும் இரண்டு பேரும் சேர்ந்து. பிலிப்பியில் அவருக்கு வீட்டைத் திறந்துவிட்ட லீதியாள் இரத்தாம்பரம் என்கிற விலையுயர்ந்த சாயத்துணி விற்கிறவள். இதெல்லாம் ஒரே அப்போஸ்தலனைச் சுற்றியிருந்த பெண்கள். ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு இவர்களை வெளியே தள்ள முடியாது.

கீழ்ப்படிதலுக்கு வருகிறேன். நான் அந்த வசனத்தை மழுப்புகிறவள் இல்லை. "மனைவிகளே, கர்த்தருக்குக் கீழ்ப்படிகிறதுபோல, உங்கள் சொந்தப்புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்" என்பது எபேசியர் 5:22. அதற்கு முந்தின வசனம் எல்லாரையும் பார்த்து "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று சொல்லுகிறது. பிந்தி 25ஆம் வசனத்தில் புருஷன்மாருக்குக் கொடுத்திருக்கிற அளவு, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்த அளவு. இரண்டையும் தராசில் வைத்தால் எது கனம் என்று பிரசங்கிமாருக்குத் தெரியும், அதனால்தான் நடுவில் உள்ளதை மட்டும் வாசிக்கிறார்களோ என்னவோ.

எங்கள் வீட்டில் இது எப்படி நடக்கிறது என்றால், பெரும்பாலும் சத்தமாக நடக்கிறது. மகனைத் தமிழ் வழியில் படிக்கவைக்க வேண்டும் என்று அவர் நின்றார். எனக்கு இஷ்டமில்லை. நானே ஆசிரியை, காரணங்களை வரிசையாகச் சொன்னேன், அவரும் சொன்னார். கடைசியில் விட்டுக்கொடுத்தேன். இன்றைக்கும் எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் குத்திக்காட்டுவதில்லை. என்னைப் பொறுத்தவரை கீழ்ப்படிதலின் கஷ்டமான பகுதி அந்தக் குத்திக்காட்டாமல் இருக்கிறதுதான். இன்னொரு சமயம் சொந்தக்காரர் ஒருவர் கடனுக்கு அவரை ஜாமீன் கையெழுத்துப் போடக் கேட்டார். "அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவன் வெகு பாடுபடுவான்" என்று அதே நீதிமொழிகளை எடுத்து முன்னால் வைத்தேன். கோபம்தான் வந்தது அவருக்கு. ஜெபம் பண்ணிவிட்டு முடிவெடுப்போம் என்றார், முடிவில் போடவில்லை. புருஷன் மனைவிக்குத் தலை என்றால், காது இல்லாத தலை என்று வேதத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

இதை எழுதுவதற்கு உண்மையான காரணம் வேறு. எனக்குத் தெரிந்த ஒரு பெண், பெயரும் ஊரும் வேண்டாம், புருஷன் அடிக்கிறான் என்று ஒரு போதகரிடம் போனாள். "பொறுத்துப் போம்மா, உன் சாந்தத்தினால் அவனை ஆதாயப்படுத்து" என்று 1 பேதுரு 3ஆம் அதிகாரத்தைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். அதே அதிகாரத்தின் ஏழாம் வசனம் மனைவிக்குக் கனத்தைச் செய்யாத புருஷனின் ஜெபம் தடைப்படும் என்கிறது. அவனைக் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்ட யாருக்கும் வாய் வரவில்லை. அவன் சபையில் காணிக்கை எடுக்கிறவன்.

அப்படிப்பட்ட வீட்டில் இருக்கிற பெண்களுக்கு நான் காட்டுவது அபிகாயிலை. 1 சாமுவேல் 25. புருஷன் நாபால் முரடன், குடிகாரன். அவன் அவமதித்ததால் தாவீது வாளோடு வருகிறான் என்று தெரிந்ததும் 200 அப்பங்களையும் திராட்சரசத்தையும் சமைத்த ஆடுகளையும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு புருஷனுக்குச் சொல்லாமல் கிளம்பினாள். "என் புருஷன் பேருக்கு ஏற்ற பைத்தியக்காரன்" என்கிற அர்த்தத்தில் தாவீதிடம் நேராகவே சொன்னாள். வீட்டாரின் உயிரைக் காப்பாற்றினாள். வேதம் அவளைக் கீழ்ப்படியாதவள் என்று எங்கேயும் திட்டவில்லை, மகா புத்திசாலி என்கிறது. தங்கைமாரே, அடி விழுகிற வீட்டில் பொறுமை என்பது சிலுவை சுமப்பது ஆகாது. 181க்குப் போன் பண்ணுங்கள். 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் உண்டு. போன் பண்ணிவிட்டு ஜெபமும் பண்ணுங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று பகை இல்லை.

தாய்மையைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. பவுலின் சீடன் தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளுக்குள்ளும் அம்மா ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்தது என்று பவுல் எழுதுகிறார், அது போதும். இராத்திரி எட்டு மணிக் குடும்ப ஜெபத்தை நாங்கள் விடுவதில்லை. பரீட்சை இருந்தாலும் கிரிக்கெட் இருந்தாலும் ஒரு சங்கீதம், ஒரு பாட்டு. மகன் வசனம் வாசிப்பான், மகள் ஜெபிப்பாள், சிலநாள் தூங்கி விழுவாள். சாப்பிட்ட தட்டை இரண்டு பேரும் கழுவ வேண்டும். மாமியார் பார்த்துவிட்டு "ஆம்பளப் பிள்ளய ஏன்ட்டி இந்தப் பாடு படுத்துத" என்றார்கள். அத்தை, நம்ம ஊர் அசனத்தில் அண்டா அண்டாவாகச் சோறு வடிக்கிறதும் குழம்பு கிண்டுகிறதும் யார், ஆம்பளைகள்தானே என்றேன். கோவில் வளாகத்தில் கரண்டி பிடித்தால் ஊழியம், வீட்டில் பிடித்தால் மட்டும் எப்படி அவமானம் ஆகும்? அத்தை சிரித்துவிட்டார்கள். மறுநாளும் அவன் தட்டை அவர்களே எடுத்துக் கழுவினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கு முன்பாக வந்து நின்று தகப்பனின் நிலத்தில் பங்கு கேட்டார்கள். கர்த்தர் "கேட்கிறது சரிதான்" என்றார். பெண்பிள்ளைக்குச் சொத்தில் பங்கு கேட்டால் குடும்பத்தைப் பிரிக்கிறாள் என்றும், நகையும் ரொக்கமும் வைத்துக் கட்டிக்கொடுத்தால் கிறிஸ்தவக் கல்யாணம் என்றும் பேசுகிறவர்கள் வேதம் சீதனத்தை எங்கே கட்டளையிட்டிருக்கிறது என்று எனக்குக் காட்டட்டும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு காட்ட வேண்டாம், ஆற அமரக் காட்டட்டும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அந்த 31ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை எடுத்துப் பாருங்கள். ராஜாவாகிய லேமுவேலுக்கு அவன் தாய் போதித்த உபதேசம் என்று தொடங்குகிறது. குணசாலியான ஸ்திரீயின் பாட்டு தனிப் பாட்டு, பிறகு சேர்க்கப்பட்டது என்று சொல்லுகிற பண்டிதர்களும் உண்டு, இருக்கட்டும். நம் கையில் இருக்கிற வேதத்தில் அது ஓர் அம்மா தன் மகனுக்குச் சொன்ன புத்திமதியோடுதான் நிற்கிறது. பெண்ணைக் கூப்பிட்டு "இப்படி இரு" என்று ஒரு வசனமும் கட்டளையிடவில்லை. அந்தப் பாட்டில் கட்டளை வருவது கடைசி வசனத்தில், அதுவும் மற்றவர்களைப் பார்த்து: "அவளுடைய கைகளின் பலனை அவளுக்குக் கொடுங்கள்." அதாவது கேட்டுக்கொள்ள வேண்டியவன் மகன், கொடுக்க வேண்டியது ஊர்.

அதனால் இந்த வருஷம் ஆண்கள் ஞாயிறுக்கு நீதிமொழிகள் 31ஐப் பிரசங்கப் பாடமாக வைக்கச் சொல்லிச் சபை நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சிலர் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்லுகிறோம் என்று போயிருக்கிறார்கள். போதகரின் மனைவி, எங்கள் ஐயரம்மா, முதல் ஆளாகப் போட்டார்கள். கமிட்டியில் ஒரு அண்ணன், "அது பொம்பளைங்க அதிகாரம்லாம்மா" என்றார். முதல் வசனத்தை வாசிக்கச் சொன்னேன். கண்ணாடி வீட்டில் இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றிருக்கிறார்.