எப்போ வரும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு எங்கள் வட சென்னைப் பக்கம் போன கரண்ட் விடியும் வரை வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் ஹை ரோடு) கடைக்காரர்கள் மறியலில் உட்கார்ந்த வீடியோவும் இந்நேரம் உங்கள் எல்லா குரூப்பிலும் சுற்றி முடிந்திருக்கும். நான் எழுத வந்தது அதன் கீழே ஒரு பெரிய மனிதர் போட்ட கமெண்டுக்காக. "ஃப்ரிட்ஜ் வாங்கத் தெரிஞ்சவங்களுக்கு இன்வெர்ட்டர் வாங்கத் தெரியாதா? ஒரு ராத்திரி கரண்ட் இல்லன்னா ரோட்டுக்கு வந்துடுவாங்களா? நார்த் மெட்ராஸ் புத்தி." அதற்கு எக்கச்சக்க லைக். போட்டவர்களில் என் கடையில் தினமும் பால் வாங்குகிறவர்களும் உண்டு. பரவாயில்லை, பார்த்து வைத்துக்கொண்டேன்.

ஐயா, கரண்ட் போனதற்காக யாரும் ரோட்டுக்கு வரவில்லை. கரண்ட் போகும். தெருவோர மின் பெட்டியான பில்லர் பாக்ஸில் தண்ணீர் புகுந்தால் போகும், ரோடு தோண்டுகிறவர்கள் கேபிளைக் குத்திவிட்டால் போகும். பராமரிப்பு என்று காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை நிறுத்துகிறார்களே, அதற்கு எந்தக் கடைக்காரராவது மறியல் செய்து பார்த்திருக்கிறீர்களா? முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும். அன்றைக்குத் தயிர் குறைவாக எடுப்போம், மாவைச் சாயங்காலத்துக்கு அரைப்போம், ஐஸ்கிரீம் ஃப்ரீசரைத் திறக்கவே மாட்டோம். கதை முடிந்தது.

எப்போ வரும் என்று தெரியாமல் இருட்டில் நிற்கிறோம் பாருங்கள், அதுதான் எங்களைக் கொல்கிறது.

சனிக்கிழமை ராத்திரி என்றால் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்கான சரக்கு மொத்தமும் உள்ளே இருக்கும். மாவு பாக்கெட், தயிர், பன்னீர், ஐஸ்கிரீம். பத்து மணிக்குக் கரண்ட் போகிறது. ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்றால் நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். மூடிய ஃப்ரிட்ஜில் நாலு மணி நேரம் வரை தாங்கும் என்பதுதான் உணவுப் பாதுகாப்பில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள்கூடத் தாங்குமாம். அது நல்ல கனமான கதவு போட்ட ஃப்ரீசருக்கு. என்னுடையது கண்ணாடி மூடி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மே மாதம். சரி, விடியும் வரை வராது என்கிறீர்களா? அப்போதும் வழி இருக்கிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வண்டியை அனுப்பி ஐஸ் எடுத்து வரலாம். மெஸ் வைத்திருக்கும் அக்காவைக் கூப்பிட்டு மாவைப் பாதி விலைக்குக் கொடுக்கலாம். ஐஸ்கிரீமைத் தெருப் பிள்ளைகளுக்கு வந்த விலைக்கு விற்கலாம். எல்லாம் பதினோரு மணிக்குள் முடிகிற வேலை.

கரண்ட் ஆபீஸுக்குப் போன் போட்டால் எங்களுக்கு என்ன சொன்னார்கள்? "அரை மணி நேரம்." பத்தரைக்கும் அரை மணி நேரம், பன்னிரண்டுக்கும் அரை மணி நேரம். அப்புறம் போனே எடுக்கவில்லை. ஒன்றரை மணிக்கு நான் எந்த அக்காவைப் போய் எழுப்புவது?

மாவு பாக்கெட் சூட்டில் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறீர்களா? புளிக்கப் புளிக்க உள்ளே காற்று ஏறி, தலையணை மாதிரி உப்பும். கொஞ்ச நேரத்தில் ஓரம் பிரிந்து வழிய ஆரம்பிக்கும். மேல் தட்டில் ஒன்று பிரிந்து, கீழே அடுக்கியிருந்த தயிர் கப்புகள் எல்லாவற்றின் மேலும் ஒழுகியிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் துடைத்துக்கொண்டிருந்தபோதே விடியற்காலைப் பால் வண்டி வந்துவிட்டது. வந்த பால் ட்ரேக்களையும் அதே சூடான பெட்டிக்குள்தான் வைத்தோம். வேறு எங்கே வைக்க?

காலையில் பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர் பாத்திரத்தோடு வந்தார். உள்ளே திரிந்த பால். "ஏம்மா, நேத்துப் பாலைத் தலையில கட்டிட்டியா?" என்றார். நின்ற அத்தனை பேர் எதிரிலும். காசைத் திருப்பிக் கொடுத்தேன், வேறு பாக்கெட் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்று போய்விட்டார். பாக்கெட்டுக்கு எங்களுக்குக் கிடைப்பது சில்லறை. அந்தச் சில்லறைக்காக நான் பாட்டியை ஏமாற்றினேனாம்.

இப்போது இன்வெர்ட்டருக்கு வருவோம், பெரிய மனிதர் ஆசைப்பட்டாரே. வீட்டுக்கு வாங்கும் சாதாரண இன்வெர்ட்டரில் 150 ஏ.எச். (ஆம்பியர் அவர்) பேட்டரி ஒன்று இருக்கும். 12 வோல்ட்டால் பெருக்கினால் 1800 வாட் அவர், அதுவும் பேப்பரில். என் ஃப்ரீசர், கூலர், ஃப்ரிட்ஜ் மூன்றும் ஒன்றாக ஓடினால் 600, 700 வாட். மொத்தம் இரண்டு மணி நேரம் ஓடினால் பெரிய விஷயம். அதற்கும் முன்னால், கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும் நொடியில் பல மடங்கு இழுக்கும், இன்வெர்ட்டர் ஓவர்லோடு என்று கத்திவிட்டு நின்றுவிடும். பெரிய மெஷின், நாலு பேட்டரி என்று போனால் ஃப்ரீசர் விலையைத் தாண்டும். ஜெனரேட்டர்? கடை எட்டுக்குப் பத்து. நான் வெளியே நிற்கவா, ஜெனரேட்டர் வெளியே நிற்கவா? சத்தம், புகை என்று முதல் புகார் கொடுக்கப்போவதும் லைக் போட்டவர்கள்தான்.

"மீன்காரங்க ஐஸ்லதானே வைக்கிறாங்க, அவங்க ஏன் வந்தாங்க" என்று இன்னொரு அறிவாளி. ஐஸ் வானத்திலிருந்தா விழுகிறது? ஐஸ் கம்பெனியும் கரண்டில்தான் ஓடுகிறது தம்பி. எங்கள் தெரு மீன்கார அக்கா அன்றைக்கு மிஞ்சிய சூரை மீனைக் குப்பையில் கொட்டினார். சூரை, கானாங்கெளுத்தியெல்லாம் குளிர்ச்சி விட்டுப்போனால் ஹிஸ்டமின் என்று ஒரு நச்சுப் பொருள் சேரும், அப்புறம் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது, சாப்பிட்டவருக்கு உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். அக்காவுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது, விற்கக் கூடாது என்று மட்டும் தெரியும். அவருக்கும் நார்த் மெட்ராஸ் புத்திதான்.

லைன்மேன்களைத் திட்டுகிறேன் என்று யாரும் கிளம்பி வராதீர்கள். அந்த ராத்திரியில் குழிக்குள் இறங்கி நின்றவர்களுக்கு டீ கொடுத்தது நாங்கள்தான். பூமிக்கடியில் கேபிள் எங்கே அடிபட்டது என்று தேடிப் பிடித்து, தோண்டி, ஜாயிண்ட் போட நேரமாகும், அதுவும் தெரியும். அவர்களை யார் குறை சொன்னது? நாற்காலியில் இருப்பவர் "கேபிள் ஃபால்ட், காலைதான் வரும்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். மறியலில் ஆம்புலன்ஸ் நின்றதா என்று கேட்பவர்களுக்கு: நான் அங்கேயே இருந்தேன், ஆம்புலன்ஸ் எதுவும் வரவில்லை. ஆட்டோக்கள் நின்றன. நிற்கட்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாள் கணக்கில் கரண்ட் இல்லை. எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு வீட்டுக்குள் எண்ணெயே வந்தது. அப்போது சரக்கு போனதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. புயலிடம் போய் என்ன கேட்பது? இப்போது புயலா அடித்தது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வாய் வரை வந்துவிட்டது. அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம், வள்ளூரில் 1500 மெகாவாட் இன்னொன்று, எல்லாம் எங்கள் பக்கம்தான். எண்ணூரில் இருந்த பழைய நிலையத்தை 2017-ல்தான் மூடினார்கள். சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக்கும் எங்கள் ஜனங்களின் நெஞ்சுக்கும். "உற்பத்தி வேறு, விநியோகம் வேறு, இதுகூடத் தெரியாதா" என்று பாடம் எடுக்க வருவீர்கள். தெரியும் சார். சாம்பல் மட்டும் எப்படி வழி தவறாமல் எங்களிடமே விநியோகமாகிறது என்பதுதான் தெரியவில்லை.

நான் கேட்பது சலுகையும் இல்லை. மின் நுகர்வோர் உரிமை விதிகள் என்று மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்ததே, அதிலேயே இருக்கிறது: திடீர் மின்தடை என்றால் எப்போது சரியாகும் என்ற உத்தேச நேரத்தோடு நுகர்வோருக்கு எஸ்.எம்.எஸ்.ஸிலோ வேறு மின்னணு வழியிலோ உடனே தெரிவிக்க வேண்டும். எழுதி வைத்தாகிவிட்டது. பில் பாக்கி என்றால் என்னைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிகிறவர்களுக்கு இதற்கு மட்டும் என் நம்பர் கிடைக்காது.

இதைச் சொன்னதும் கரண்ட் ஆபீஸில், "உங்க இணைப்புல பதிவாகியிருக்கிற நம்பருக்குத்தான் மெசேஜ் போகும், பாருங்க" என்றார்கள். பார்த்தேன். வாடகைக் கடை, மீட்டர் ஓனரின் காலஞ்சென்ற அப்பா பெயரில், நம்பர் ஓனருடையது, அவர் இருப்பது அண்ணா நகரில். எங்கள் வரிசையில் பாதிக் கடைகளுக்கு இதே கதைதான், உங்களுடையதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம்பரை மாற்ற அவர் கையெழுத்து வேண்டுமாம், மாற்றிக் கொடுத்தால் நான் கடையை எழுதி வாங்கிவிடுவேனோ என்று அவருக்குப் பயம். மின்தடை மெசேஜ் ஏதாவது வந்தால் எனக்கு ஃபார்வர்ட் செய்யுங்கள் அண்ணே என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். சரிம்மா என்றார். இதுவரை குட்மார்னிங் படங்கள் மட்டும் தவறாமல் வருகின்றன.